பிரிக்காத பொட்டலம்

எங்கள் பேண்டைக் கேட்க வருகிறவர்கள் நாற்பது பேர். கூடினால் நாற்பத்தைந்து. அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். யார் வீட்டு மாடு சினையாக இருக்கிறது, யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். பெரிய பாடகர்களுக்குக்கூட இந்தக் கொடுப்பினை கிடையாது என்று ஒரு காலத்தில் பேட்டி கொடுக்கிற தோரணையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

பேண்டு என்றால் மூன்று பேர். பாட்டும் கிதாரும் நான். டிரம்ஸ் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். பேஸ் கிதார் வாசிக்கிறவர் பக்கத்து ஊரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். பெரியப்பா தோட்டத்து டிராக்டர் ஷெட்டில்தான் பயிற்சி. டிராக்டரை வெளியே நிறுத்திவிட்டு, அது விட்டுப்போன எண்ணெய்க் கறைமேல் சாக்கு விரித்து டிரம்ஸை வைப்போம். தகரக் கூரை என்பதால் ஒரு அடி அடித்தால் இரண்டாகக் கேட்கும். ஆம்பிளிஃபயர் கோயமுத்தூரில் பழசாக வாங்கியது, சும்மா இருக்கும்போதே கரகரவென்று இரையும். அந்த இரைச்சலைப் போக்க மூன்று மாதம் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் அதுதான் எங்கள் சத்தம் என்று விட்டுவிட்டோம்.

எல்லையோரத்தில் கேரளப் பக்கம் இருக்கிற தமிழ் ஊர் எங்களுடையது. பாலக்காட்டு டவுனில் எங்களைத் தமிழ் பேண்டு என்பார்கள். செக்போஸ்டைத் தாண்டிக் கோயமுத்தூருக்குப் போனால் கேரளா பேண்டு என்பார்கள். இரண்டு பக்கமும் எங்களை விருந்தாளியாகவே வைத்திருந்தார்கள், இலை மட்டும் போடவில்லை. போதாக்குறைக்குப் பாடுவது ஒரு பெண், அதுவும் சினிமாப் பாட்டு இல்லை, சொந்தப் பாட்டு, அதுவும் கத்தல். "மெலடி ஒண்ணும் வராதாம்மா?" என்று மைக்கை அணைத்துவிட்டுக் கேட்டவர்கள் இரண்டு மாநிலத்திலும் உண்டு.

முதல் ரசிகர் சண்டைக்கு வந்தவர். எங்கள் ஊரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிற மாமா. சத்தத்தில் மாடு மிரண்டு பால் கட்டிக்கொள்கிறது என்று ஷெட்டு வாசலில் வந்து நின்றார். நான் போர்வெல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் மூன்று போர் போட்டு மூன்றிலும் புகைதான் வந்தது. போர் வண்டியின் சத்தத்தைக் கிதாரில் கொண்டுவந்து, "தண்ணி எங்கே" என்று திரும்பத் திரும்பக் கத்துகிற பாட்டு அது. மாமா தோட்டத்திலும் இரண்டு போர் புகைந்திருந்தது. முதல் தடவை முறைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது தடவை தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றி, அவரும் கத்தினார். "மறுக்கா பாடு அம்மிணி" என்றார். மாட்டுப் பால் விஷயத்தை அதன்பிறகு யாரும் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்படியே பெருகிற்று. வெளியூரில் எங்கே வாசித்தாலும் ஒரு டெம்போ பிடித்து வந்துவிடுவார்கள். மேடைக்கு இடது பக்கம்தான் நிற்பார்கள், பாட்டு தொடங்கியதும் துண்டைச் சுழற்றுவார்கள். பால் சொசைட்டியில் பால் அளக்கிற அக்கா ஒருவர் எங்களுக்கென்று ஒரு கேனில் மோர் கொண்டுவருவார். "என்ற ஊட்ல கூட நான் இப்பிடிக் கத்துனதில்ல கண்ணு" என்று ஒருமுறை என்னிடம் சொல்லிவிட்டு அழுதார். புருஷன் இருந்த வரைக்கும் அவர் குரல் அடுத்த அறைக்குக் கேட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடியபோது, பையன்களும் பெண்களும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டுப் போய்விடலாம் என்று இருந்தேன். அப்போது இடது பக்கமிருந்து நாற்பது தொண்டை "தண்ணி எங்கே" என்று எழுந்தது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவர்கள் இல்லாவிட்டால் நான் பாடுவதை விட்டிருப்பேன். இதை நான் மறைக்க மாட்டேன், மறைத்தால் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தக் கல்லூரியில் யாரோ எடுத்த வீடியோதான் கொச்சி வரைக்கும் போயிருக்கிறது. ஒருநாள் காலையில் ஒரு பெண் மலையாளத்தில் கூப்பிட்டுப் பேசினார். சொந்தப் பாட்டுப் பாடுகிற பேண்டுகளுக்கென்று ஒரு மேடை, ஒரே ஒரு நாள், ஏழு மணிக்குத் தொடங்கி நாற்பது நிமிடம் உங்களுக்கு, பாட்டைப் பதிவு செய்து வெளியே கொண்டுபோகிறவர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள் என்றார். உங்கள் ஆட்களையும் கூட்டி வாருங்கள், அந்தக் கத்தல் இல்லாமல் பாட்டு முழுசாகாது என்றும் சொன்னார். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. எட்டு வருடமாக டிராக்டர் எண்ணெய்மேல் நின்று பாடிக்கொண்டிருந்தவள். இது போனால் இன்னொன்று வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஷெட்டில் சொன்னபோது துண்டுகள் பறந்தன. மாமா அங்கேயே நின்று டெம்போக்காரருக்குப் போன் போட்டார்.

தேதியைக் காலண்டரில் பார்த்தது அண்ணன்தான். ஊர்த் திருவிழாவான மாரியம்மன் நோம்பி அதே வாரத்தில் வந்தது. எங்கள் பக்கம் நோம்பி சாட்டி, கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், ஊர்க்காரர்கள் பகலில் எங்கே போனாலும் பொழுது விழுவதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். கம்பம் பிடுங்குகிற வரைக்கும் அதுதான் கட்டு. மீறினால் அம்மை போடும், மாடு சாகும், இன்னும் என்னென்னவோ. கொச்சியில் ஏழு மணிக்கு மேடை ஏறிவிட்டு எல்லைக்குள் பொழுதோடு வர வேண்டுமென்றால் பறந்துதான் வர வேண்டும்.

நோம்பியை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லி மாமாவிடம் கேட்டேன். கோயில் கமிட்டிக்கும் அவர்தான் செயலாளர். பஞ்சாயத்து எலக்‌ஷனுக்காக ஒருமுறை தள்ளி வைத்தவர்கள்தானே என்றேன். மாமா தீவன மூட்டைமேல் உட்கார்ந்து வெகுநேரம் தலையைச் சொறிந்தார்.

"நானாச் சொல்ல முடியாது அம்மிணி. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாத்துரலாம். வெள்ளை வந்தாத் தள்ளி வெப்போம், நீயும் போலாம், நாங்களும் வாரோம். செவப்பு வந்தாச் சொன்ன தேதிதான். சரிதானுங்?"

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? எங்கள் ஊரில் கல்யாணம், கிணறு, பாகப்பிரிவினை எல்லாம் பூக் கேட்டு நடப்பதுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை. நாற்பது பேரும் வந்திருந்தார்கள். அவ்வளவு பேர் எனக்காக வேண்டிக்கொள்ள வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொருவரையும் கும்பிட்டேன். கும்பிட்டதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் போய் ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு.

பால் சொசைட்டி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மற்றப் பொட்டலம் விளக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கிடந்தது. அதைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பிரித்தால் ஆத்தாளைச் சந்தேகப்பட்டதாக ஆகும். நானும் பிரிக்கவில்லை. பதினைந்து நிமிடம் அதன் எதிரிலேயே நின்றிருந்தேன்.

டிரம்ஸ் இல்லாமல் நானும் பேஸ்காரரும் மட்டுமாவது போயிருக்கலாம். அவர் வேற்றூர்க்காரர், அவருக்குக் கட்டு இல்லை, வருகிறேன் என்றுதான் சொன்னார். பயந்தது நான்தான். நான் எல்லை தாண்டிப் போன பிறகு ஊரில் ஒரு கன்றுக்குட்டி செத்தாலும் என் தலையில்தான் விழும் என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், இடது பக்கம் யாரும் இல்லாத மேடையில் என் குரல் எப்படிக் கேட்கும் என்பது. கொச்சிக்குப் போன் போட்டு வர முடியாது என்றேன். "சாரமில்லா, பின்னெ நோக்காம்" என்றார் அந்தப் பெண், பரவாயில்லை, பிறகு பார்க்கலாம் என்று. அந்தப் பின்னே இதுவரை வரவில்லை.

நோம்பியின் கடைசி நாள் கம்பம் பிடுங்கிவிட்டு மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்வார்கள். அன்று மத்தியானம் கோயில் திடலில் எங்கள் பேண்டு பாடும் என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியம் கொடுப்பதற்காக அப்படிச் செய்தார்களாம். கோயில் மேடையில் ஒரு பெண் கிதாரை மாட்டிக்கொண்டு கத்துவது எங்கள் வட்டாரத்திலேயே அதுதான் முதல் தடவை. மாமா கமிட்டியில் மூன்று பேரோடு சண்டை போட்டு வாங்கியிருந்தார். மேடையில் மின்விசிறி, சாமியானா, என் படம் போட்ட ஃபிளெக்ஸ் எல்லாம் வைத்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் படாமல் ஆம்பிளிஃபயருக்குத் தீவனச் சாக்குக்குள் இருக்கிற பிளாஸ்டிக் உறையை மாட்டியிருந்தார்கள். என் மனது கொஞ்சம் இளகத்தான் செய்தது.

மேடைக்குப் பின்னால் அக்கா ஒரு சொம்பு மஞ்சள் நீரோடு வந்து என் தலையில் ஊற்றினார். அவரும் மேலெல்லாம் மஞ்சளாக, சிரித்துக்கொண்டே இருந்தார். கொச்சிக்குப் போயிருந்தால் இது கிடைத்திருக்குமா என்று கேட்டார். நானும் ஒப்புக்குச் சிரித்து, "என்னங்க்கா பண்றது, ஆத்தா செவப்பக் குடுத்துட்டா" என்றேன்.

"ஆத்தா எங்க குடுத்தா?" என்று அக்கா இன்னும் சிரித்தார். "ரெண்டுலயும் செவப்புதான் கண்ணு வெச்சது. என்ற கையிலதான் மடிச்சேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தேன்.

"நீ அங்க போயிட்டீன்னா அவுங்க உன்னைய உடுவாங்களா? அக்கட்டாலயே இருந்துக்குவ. அப்பறம் நாங்க சனிக்கெழமை எங்க போறது, சொல்லு? மாமனும் நானும் ரெண்டு நாள் ரோசனை பண்ணித்தான் பண்ணுனோம்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அல்லாத்துக்கும் தெரியும். உங்க அண்ணனுக்குந்தான். கோவிச்சுக்காத கண்ணு, உம்மேல இருக்கற ஆசைலதான்."

"சாமி முன்னாடியாங்க்கா?"

"சாமியும் நம்ம பக்கந்தான்" என்று சொல்லி, என் கன்னத்தில் வழிந்த மஞ்சளைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். திருடிய குற்ற உணர்வு ஒரு துளிகூட அந்த முகத்தில் இல்லை. பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறவரின் முகம்தான் இருந்தது. என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. நாற்பது பேர் உட்கார்ந்து என் வாழ்க்கையை இரண்டு பொட்டலமாக மடித்திருக்கிறார்கள், அதில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை.

மேடை ஏறினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். குச்சிகளைத் தட்டி ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று எண்ணினான். இரண்டு நோம்பி ஆகிவிட்டது, இன்றுவரை அவன் என்னிடம் பேசுவது அந்த நான்கு வார்த்தைதான்; நான் அதற்கும் பதில் சொல்வதில்லை.

போர்வெல் பாட்டுதான் முதலில். முதல் வரியைப் பாடினேன். இரண்டாவது வரியில் குரல் எழும்பவில்லை, எழுப்பவும் எனக்கு மனமில்லை. வாயை மூடிக்கொண்டேன். கிதாரை மட்டும் வாசித்தேன். கூட்டம் பாடிக்கொண்டுதான் இருந்தது. மஞ்சள் துண்டுகள் சுழன்றன. நான் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும், நான் மூச்சு விடுகிற இடம் உட்பட, பிசகாமல் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அக்கா கத்தினார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்தத் திடலில் அதற்கு முன் பார்த்ததில்லை. மூன்று பாட்டு முடிகிற வரைக்கும் நான் மறுபடி வாயைத் திறக்கவே இல்லை.

இறங்கி வந்ததும் மாமா ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். குரல் கம்மிப்போய், முகமெல்லாம் மஞ்சளும் வியர்வையுமாக இருந்தார்.

"அருமை அம்மிணி, அருமை! உன்ற சத்தந்தான் கொஞ்சம் கேக்கல. மைக்கு சரியில்லீங்களா?"

"ஆமாங் மாமா" என்றேன். "மைக்குதான் சரியில்ல."

அவர் உடனே திரும்பி, மைக்செட்டுக்காரரை ஊர் கேட்கத் திட்டத் தொடங்கினார். எங்கள் பிள்ளை தொண்டை கிழியப் பாடியிருக்கிறாள், நீ என்ன பிடுங்கிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார். அந்த மனிதர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு, மைக்கில் ஒரு குறையும் இல்லையே என்று என்னையே பார்த்தார். நான் கிதாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.