பெண் போட்டோ வந்த சனிக்கிழமை

எங்கள் ஆபீஸ் ஷார்ஜா ரோலாவில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. கப்பலில் வரும் சரக்குக்குப் பேப்பர் தயாரித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி. எட்டுப் பேர், எட்டு கம்ப்யூட்டர், ஒரே பிரிண்டர். எழுந்து நடக்க யாருக்கும் உடம்பு வணங்காது. அதனால் எல்லா மெஷினையும் நீல வயரால் இணைத்து, எல்லாருடைய ஃபோல்டரையும் எல்லாருக்கும் திறந்து வைத்திருந்தோம். அதை ஒற்றுமை என்று வேறு சொல்லிக்கொண்டோம்.

கல்ஃபில் ஒரு பேச்சலருக்குப் பெண் பார்த்தால் அது அவன் விஷயம் இல்லை, ஆபீஸ் விஷயம். ஊரில் என் அக்கா ஒரு இடம் பார்த்திருந்தாள். பெண்ணின் தம்பி பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்து போட்டோவை மெயிலில் அனுப்புவான் என்று போனில் சொன்னாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீ கொண்டுவருபவரிலிருந்து மலையாளி மேனேஜர் வரை இரண்டு வாரமாக என்னிடம் "வந்தாச்சா?" என்று கேட்காத ஆளே இல்லை.

வெள்ளி லீவு முடிந்த சனிக்கிழமை காலை அந்த மெயில் வந்திருந்தது. தெரியாத அட்ரஸ். தம்பியின் அட்ரஸ் எனக்கு எங்கே தெரியும்? தலைப்பில் போட்டோ என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. ஆசையாக அழுத்தினேன். ஒன்றும் திறக்கவில்லை. இன்டர்நெட்டைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது எல்லார் மெஷினிலும் அதே மெயில், என் பெயரில். நான் அனுப்பவே இல்லை. ஆனால் நான்தான் அனுப்பினேன் என்று நம்பி, பெண்ணைப் பார்க்கிற அவசரத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் அழுத்தியிருந்தார்கள். குவைத் ஃபர்வானியாவிலிருந்து ஒரு தமிழ் கஸ்டமர் போன் செய்தார். "தம்பி, பொண்ணு போட்டோ தொறக்கலியே, இன்னொருக்கா அனுப்புங்க." அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பத்து மணிக்கு எட்டு மெஷினும் நகரவில்லை. மதியம் அனுப்பவேண்டிய பேப்பர் ஒன்றும் தயாராகவில்லை. மேனேஜர் காலையிலிருந்து சாத்தியிருந்த தன் ரூம் கதவைத் திறக்கவே இல்லை. முந்தைய வருஷம் ஒரு டைப்பிஸ்ட் பேப்பரைத் தப்பான துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டான் என்று அவன் விசாவை ஒரே வாரத்தில் கேன்சல் செய்தவர் அவர். பெண் வீட்டார் சம்மதித்ததே இந்த விசாவை நம்பித்தான். விசா போனால் அந்தப் பெண்ணும் போச்சு. இன்னும் முகத்தைக்கூடப் பார்க்காத ஒருத்திக்காக அப்படிப் பயப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். வந்ததும் நீல வயர்களை எல்லாம் கழற்றினார்.

"தம்பி, இது படம் இல்லை, வைரஸ். ஃபைல் பேருக்குப் பின்னால .exe எண்டு இன்னொரு வால் ஒளிச்சிருக்கு, பாருங்கோ. திறந்த உடன உங்கட மெயிலில இருக்கிற எல்லாருக்கும் தன்னைத் தானே அனுப்பிப்போடும். நீங்கள் ஃபோல்டர் எல்லாத்தையும் வேற திறந்து விட்டிருக்கிறியள், அதுக்குள்ளயும் போய்க் குந்தியிருக்கு."

"அண்ணே, நான்தான் முதல்ல திறந்தேன்னு மேனேஜர்கிட்ட சொல்லாதீங்க."

"கேட்டால் நான் பொய் சொல்லமாட்டன்."

கம்ப்யூட்டர்காரர் மேனேஜர் ரூமுக்குள் போய் அரைமணி நேரம் வெளியே வரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். என் கேன்சலுக்கு லெட்டர் அடித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்து உள்ளே போனால், மேனேஜர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டர்காரர் ஸ்கிரீனைக் காட்டிச் சொன்னார். "இந்த மெஷினில ஆறு தரம் திறந்திருக்கு சேர். ஒவ்வொரு தரமும் எல்லாருக்கும் போயிருக்கு. உங்கட அர்பாபுக்கும் ஆறு."

அர்பாப் என்றால் கம்பெனி முதலாளி. சாத்திய கதவுக்குப் பின்னால் மனிதர் என் பெண்ணைப் பார்க்க ஆறு முறை முயன்றிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நீ ஒரு தடவதானே திறந்தே?" என்றார் மேனேஜர்.

"ஆமா சார்."

"அர்பாபிடம் ஞான் பேசிக்கொள்ளாம். என் கையிலிருந்துதான் போச்சுன்னு ஞான் சொல்லும். உன் பேரு வராது."

கேட்காமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டிராயரைத் திறந்து லீவு ஃபாரத்தை எடுத்து என் முன்னால் தள்ளினார்.

"பத்து நாள் போட்டுக்கோ. நேரில் போய்ப் பாரு மோனே. மெயிலில் வரவேண்டாம்."

பேனாவை எடுத்தேன். என் பெயரையே இரண்டு முறை அடித்து எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டியதும், கம்ப்யூட்டர்காரர் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, மேனேஜர் குரலைத் தாழ்த்தினார்.

"பெண் எப்படி இருக்குன்னு வந்து ஆத்யம், முதல்ல, என்னிடம் சொல்லணும், கேட்டோ."

விசா போச்சு என்று நினைத்து உள்ளே வந்த எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது.