கப்பலில் செல்லாத மூக்கு

மலைக்கோட்டைப் பக்கத்து ஓட்டல் அடுப்புகளில் கேஸ் எங்கே கசிகிறது என்று மோந்தே சொல்லிவிடுவேன். ஐந்தாவது வரை படித்த என்னை வளைகுடாவின் கப்பல் பட்டறைக்குக் கூப்பிட்டதே என் வெல்டிங்குக்காகத்தான். அங்கே எரிவாயுவில் ஓடும் கப்பல் ஒன்றில், கசிந்த குழாயை வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. வாயு இருக்கிறதா என்று பார்க்கும் மீட்டர் வரட்டும் என்றார்கள். மூக்கு இருக்க மீட்டர் எதற்கு என்று குழாய் இருந்த அறையின் கதவைத் திறந்தேன். நாற்றமே இல்லை. குழாயை வெட்டும் கிரைண்டரோடு உள்ளே காலை வைத்தபோது, ஸ்ரீரங்கத்துக்காரரான பாதுகாப்பு அதிகாரி ஓடி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணே, எங்க போறீங்க?”

“ஒரு நாத்தமும் இல்லீங்களே!”

“வீட்டு சிலிண்டர்ல நாத்தத்தைச் சேர்த்து அனுப்புறாங்க. இந்தக் கப்பல் கேஸ்ல சேர்க்கிறதில்லண்ணே. உங்க மூக்கு நம்ம ஊரோட சரி.”

அவர் உள்ளே நீட்டிய மீட்டர் உடனே அலறியது. ஒரு பொறி பறந்திருந்தால் கப்பலில் இருந்த அத்தனை பேரும் போயிருப்போம். வாயுவை வெளியேற்றி, மீட்டர் அடங்கிய பிறகே உள்ளே போனேன். அன்று நான் வைத்த வெல்டிங் எக்ஸ்ரே சோதனையில் ஒரு குறையும் இல்லாமல் தேறியது.