பாட்டுக்குள் வந்த மூணடி

மெத்தைக்கடைக்காரரின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் பஞ்சு. வீட்டில் வைத்த பெயரை வாத்தியார்களே மறந்துவிட்டார்கள். கீழே கடை, மேலே வீடு. எவ்வளவுதான் தலையைத் தேய்த்துக் குளித்தாலும் கடை வழியாகத்தான் தெருவுக்கு இறங்க வேண்டும். இறங்குவதற்குள் காதோரம் இரண்டு இழை, புருவத்தில் ஓர் இழை ஒட்டிக்கொள்ளும். மீசை முளைக்கும் முன்பே நரைத்துப்போனவன் மாதிரி வகுப்பில் வந்து உட்காருவான்.

அப்பா பஞ்சு அடைப்பார், அம்மா உறை தைப்பாள். அப்பா பரம சாது. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பேச்சில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தும்மலில் செலவழித்துவிடுவார். பஞ்சுத் தூசியிலேயே பிறந்து வளர்ந்த மூக்கு அல்லவா? முதலில் ஹச், ஹச் என்று சின்னதாக இரண்டு, யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. பிறகு ஒரு நிறுத்தம். சரி, போய்விட்டது என்று பக்கத்தில் இருப்பவர் நிம்மதியாக மூச்சுவிடும் நேரம் பார்த்து மூன்றாவது வரும். அது வந்தால் எதிர்க்கடை சைக்கிள்காரர் காற்றடிக்கிற பம்பைக் கீழே போட்டுவிடுவார். அப்பாவுடைய அப்பாவுக்கும் தும்மல் உண்டாம், ஆனால் அவருக்கு ஒன்றே ஒன்றுதான். பெரிய அத்தைக்கு இரண்டு. குடும்பத்தில் மூன்றையும் கோத்துத் தும்மியவர் இவர் ஒருவர்தான்.

அந்தக் காலத்தில் வகுப்பே வெளிநாட்டுப் பாட்டுப் பைத்தியம் பிடித்து அலைந்தது. ஒருவனுக்கும் ஒரு வரி புரியாது. அதுதான் அதில் வசதி. “என்னடா பாடறான் அவன்?” என்று அம்மாக்கள் கேட்டால், “நல்ல விஷயந்தாம்மா பாடறான்” என்று சொல்லிவிடலாம். சனிக்கிழமை சாயங்காலம் வானொலியில் ஒரு மணி நேரம் அந்தப் பாட்டுகள் வரும். தெருவில் ஒரு பையனையும் அந்த நேரத்தில் பார்க்க முடியாது.

பஞ்சுவிடம் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்தது. வானொலிப் பெட்டிக்கு எதிரே அதை நிறுத்தி, இரண்டு பொத்தானையும் ஒன்றாக அமுக்க வேண்டும். அப்புறம் வீட்டில் யாரும் இருமக்கூடாது, பாத்திரம் நகர்த்தக்கூடாது, நாற்காலி இழுக்கக்கூடாது. மற்ற பையன்களின் கேசட்டில் பாட்டோடு குக்கர் விசிலும் தங்கை அழுகையும் சேர்ந்து கேட்கும். பஞ்சு மட்டும் கெட்டிக்காரன். விற்பனைக்கு வைத்திருக்கும் மெத்தைகளைச் சன்னலுக்கும் கதவுக்கும் சாத்தி, நடுவில் உட்கார்ந்துகொள்வான். வெளியே இடி விழுந்தாலும் உள்ளே கேட்காது. அவன் பதிவு செய்த கேசட் என்றால் வகுப்பில் அப்படி ஒரு மதிப்பு.

ஒரு சனிக்கிழமை, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு பாட்டு வந்தது. மெல்ல ஆரம்பித்து, ஏறி ஏறிப் போய், கடைசியில் சட்டென்று எல்லா வாத்தியமும் நின்றது. அந்த நிசப்தத்தில்தான் கதவை மறைத்த மெத்தையைத் தள்ளிக்கொண்டு அப்பாவின் தலை உள்ளே வந்தது. நீள ஊசி எங்கே என்று கேட்க வாயைத் திறந்தார். வாய் திறந்ததும் மூக்கு முந்திக்கொண்டது. ஹச், ஹச். ஒரு நிறுத்தம். பிறகு மூன்றாவது. அது விழுந்த அதே நொடியில் பாட்டில் டிரம்ஸ் விழுந்தது. ஒத்திகை பார்த்திருந்தால்கூட அப்படி அமைந்திருக்காது.

மகன் முகத்தைப் பார்த்த அப்பா ஊசியைக் கேட்காமலே பின்வாங்கி, மெத்தையைப் பழையபடி சாத்திவிட்டுப் போனார்.

பஞ்சுவுக்கு அழுகை வந்தது. அடுத்த வாரம் அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்யலாம் என்று காத்திருந்தான். அந்தப் பாட்டை மறுபடி போடவே இல்லை. அதற்குள் டெக் வந்து கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். டெக் அவனுடைய உயிர்த் தோழன். இரண்டு கேசட் போட்டு ஒன்றிலிருந்து மற்றதற்குப் பிரதி எடுக்கும் பெட்டி வைத்திருந்ததால் அந்தப் பெயர்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போதே டெக் கத்தினான். “டேய் பஞ்சு, அந்த இடம்டா! எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒரு மூணடி அடிக்கறான் பாரு, எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. என்னடா அது?”

எங்க அப்பா என்று சொல்லத்தான் பஞ்சு வாயெடுத்தான். ஆனால் வகுப்பே திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வயதில் எவனால் அதைச் சொல்ல முடியும்?

“அங்கெல்லாம் இப்ப இதுதாண்டா புதுசு” என்றான்.

அவ்வளவுதான். டெக் போட்ட பிரதிக்குப் பிரதி போட்டு, ஒரு மாதத்தில் அந்தப் பாட்டு இல்லாத வீடு இல்லை. அது மத்தளம் என்றான் ஒருவன். காதல் தாங்காமல் பாடகன் விடுகிற மூச்சு என்றான் இன்னொருவன். மூணடி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பாட்டின் வரிகள் யாருக்கும் வாயில் நுழையாது. மூணடி மட்டும் எல்லோருக்கும் அத்துப்படி.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் இந்தப் பாட்டைத்தான் பாடுவது என்று முடிவானது. மூணடிக்கு யார் என்று போட்டி வைத்துப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரரின் மகளை யாராலும் மிஞ்ச முடியவில்லை. அன்றைக்கு மேடையில் வாத்தியங்கள் நின்றதும் அவள் ஓரடி முன்னால் வந்தாள். கண்ணை மூடினாள். ஹச், ஹச், நிறுத்தம், பிறகு மூன்றாவது. மூன்றாவது விழுந்ததும் பெற்றோர் வரிசையில் ஒரு குழந்தை அலறி அழுதது. தலைமையாசிரியர் எழுந்து நின்று கைதட்டி, ஒரு பித்தளைக் கோப்பையைக் கொடுத்தார். நல்ல வேளை, பஞ்சுவின் அப்பா அன்று ஒரு விடுதிக்கு மெத்தை கொடுக்கப் போயிருந்தார்.

அந்தக் கோப்பையை அவள் அப்பா மருந்துக்கடைக் கண்ணாடி அலமாரியில், இருமல் மருந்துக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “என் பொண்ணு பாட்டுக்கு வாங்கினது” என்பார்.

பஞ்சுவுக்கு அன்று பிடித்தது அவள் மேல் பித்து. படிப்பு முடிந்து, அவன் கடையில் அப்பாவோடு உட்கார்ந்த பிறகும் விடவில்லை. ஒற்றைத் தலை உள்ள மனிதன் தின்று தீர்க்க முடியாத அளவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கினான். அவளும் புரியாதவள் இல்லை. “இவ்வளவு தலைவலி இருந்தா டாக்டரைப் பாரு, என்னைப் பார்க்காதே” என்பாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

இதற்கிடையில் டெக் வெளியூர் போய், அந்தப் பாட்டின் அசல் கேசட்டை எங்கோ தேடிப் பிடித்தான். குட்டு உடைந்தது என்றே பஞ்சு நினைத்தான். டெக்கோ கொதித்துப்போய்த் திரும்பி வந்தான்.

“மோசடிடா! மூணடியையே வெட்டிட்டானுங்க. கடைக்காரன்கிட்ட நல்லாச் சண்டை போட்டுட்டேன். ‘முழுப் பாட்டைக் குடு, இல்ல கடையை மூடு’ன்னேன்.”

அப்பாவின் அண்ணி, பஞ்சுவின் பெரியம்மா, குடியிருந்த மாடியிலேயே மருந்துக்கடைக்காரரின் தங்கையும் குடியிருந்தாள். அந்த இரண்டு பெண்களும் துணி காயப்போடுகிற இடத்தில் பேசிப் பேசியே கல்யாணப் பேச்சு நகர்ந்தது. பெண்ணும் அவள் அப்பாவும் வீட்டைப் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்ததும் பஞ்சுவுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அப்பா ஒரு தும்மல் தும்மினால் போதும். அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தன்னைக் கட்டிக்கொள்வாளா?

“அம்மா, அப்பாவை நாளைக்குக் கடைப் பக்கமே விடாதே. தூசியே ஆகாது.”

“வரவங்க உன்னைப் பார்க்க வராங்களா, அவர் மூக்கைப் பார்க்க வராங்களா?” என்றாள் அம்மா.

இருந்தாலும் மாடியை ஒட்டடை அடித்து, தரையைத் துடைத்து, ஒரு இழை பஞ்சு இல்லாமல் செய்தார்கள். அப்பாவைக் காலையிலேயே குளிப்பாட்டாத குறையாகக் குளிக்க வைத்தார்கள். கடைசி நேரத்தில் அம்மா ஒரு காரியம் செய்தாள். பெட்டியின் அடியில் வைத்திருந்த நல்ல சட்டையை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டாள். அது வருஷக்கணக்காக அந்துருண்டையோடு குடும்பம் நடத்திய சட்டை.

மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்தார். பெண் டீயை வாயருகே கொண்டு போனாள். அப்பா, “வாங்க, வாங்க, வழியெல்லாம்” என்று தொடங்கினார்.

ஹச், ஹச்.

பஞ்சு கண்ணை இறுக மூடிக்கொண்டான். மூன்றாவது வந்தது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

“தூசி ஒத்துக்கலை. ஒரு மாத்திரை போட்டா நின்னுடும்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நிக்க வேணாங்க. சின்ன வயசுலேர்ந்து கூடவே இருக்கு, பழகிடுச்சு.”

பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். “எப்பவும் இப்படித்தானா மாமா? ரெண்டு சின்னது, அப்புறம் ஒண்ணு பெரிசு?”

அப்பாவின் முகம் மலர்ந்துபோனது. அவர் வாழ்நாளில் யாரும் அதை அக்கறையாக விசாரித்ததில்லை. “எப்பவும் இதேதாம்மா. கணக்குத் தப்பாது.”

அவள் எழுந்தாள். “கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்” என்று பால்கனிக்குப் போனாள். போகும்போது பஞ்சுவை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பின்னாலேயே போனான்.

“மாமாதானே அது?”

“ஆமா.”

“அந்த வெளிநாட்டுக்காரன் இல்ல.”

“இல்ல.”

“அப்ப நான், அத்தனை பேர் பார்க்க, மேடையில ஏறி, உங்க அப்பா மாதிரி தும்மியிருக்கேன்.”

“ரொம்ப நல்லாத் தும்மினே” என்றான் பஞ்சு.

“கோப்பை குடுத்தாங்கடா!”

“தெரியும். இருமல் மருந்துக்குப் பக்கத்துல இருக்கு.”

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான் பஞ்சு. இப்படியே கீழே போய் ஒரு மெத்தைக்குள் நுழைந்து, உள்ளேயிருந்து தைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

“வேற யாருக்குத் தெரியும்?” என்றாள்.

“யாருக்கும் தெரியாது.”

“டெக்குக்கு?”

“அவன் மூணடிக்காகக் கடைக்காரன் சட்டையைப் பிடிச்சவன்.”

“அப்ப கேட்டுக்கோ. இது வெளிய வந்தா நான் கடைக் கல்லாவுல உட்கார முடியாது. மாத்திரை வாங்க வரவன் எல்லாம் என்னைப் பார்த்துத் தும்மிக் காட்டுவான். எங்க அப்பா முகத்தை எங்க கொண்டுபோய் வெச்சுக்குவாரு? சாகற வரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது.”

“அப்ப கல்யாணம்?”

“உன்னை வெளிய விட்டா எங்கயாவது உளறிடுவே. பக்கத்துலயே வெச்சுக்கிறதைத் தவிர வேற வழி?”

கல்யாணத்தன்று மணப்பெண் அலங்காரத்தைவிடக் கவனமாக ஒரு வேலை செய்தாள். தும்மலை நிறுத்தும் மாத்திரையைத் தானே எடுத்துவந்து மாமனாருக்குக் கொடுத்தாள். நல்ல மாத்திரைதான், தூக்கம் மட்டும் கொஞ்சம் வரும். முன்வரிசை நாற்காலியில் அவர் வாய் பிளந்து தூங்கிவிட்டார். பள்ளிக்கூடத் தோழர் கூட்டம் மண்டபத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது.

டெக் மைக்கைப் பிடித்தான். “நம்ம பாட்டு! பழைய கேசட்டெல்லாம் அறுந்துபோச்சு, இது மூணடி இல்லாத போலிச் சரக்கு. பரவாயில்ல, அடிச்சவங்களே இங்க இருக்காங்க!”

பெண்ணை இழுத்துவந்து மைக் முன்னால் நிறுத்திவிட்டார்கள். எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், மூணடியின் சொந்தக்காரர். அவர் விழித்துக்கொண்டு, அட, இது என்னோடதாச்சே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாட்டு ஏறி ஏறிப் போனது. வாத்தியங்கள் நின்றன. அவள் கண்ணை மூடினாள். வாய் திறக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா, நாற்காலியில் சரியும் கொழுந்தனாருக்கு ஒரு திண்டை எடுத்துத் தட்டிச் சரிசெய்து, தலைக்கடியில் வைத்தாள். கடையில் புதிதாக அடைத்த திண்டு.

ஹச், ஹச்.

மண்டபமே திரும்பியது. மூன்றாவது வந்து விழுந்தது, டிரம்ஸோடு சரியாக.

மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டெக் மைக்கிலேயே கத்தினான்: “டேய்! மாமாவுக்கும் நம்ம பாட்டு தெரியும்டா!”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நாலைந்து பேர் ஓடிப்போய் அப்பாவை நாற்காலியோடு தூக்கினார்கள். “இன்னொரு தடவை மாமா!”

“அது வரும்போதுதாம்பா வரும்” என்றார் அப்பா, பாதித் தூக்கத்தில்.

வீடு திரும்பும்போது வண்டியில் அவர் அம்மாவிடம் சொன்னார்: “தங்கமான பசங்க. இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவையாவது எனக்குக் கைதட்டியிருக்கியா?”

“கைதட்டலை. தலையில அடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்” என்றாள் அம்மா.

கோப்பை இப்போது மெத்தைக்கடையில், நூல்கண்டுகளுக்கு மேலே இருக்கிறது. யாராவது விசாரித்தால் அப்பாவே முந்திக்கொண்டு பதில் சொல்வார்.

“எங்க மருமக பாட்டுக்கு வாங்கினது. வந்த நாளா கேக்கறேன், எங்களுக்கு ஒரு வரி பாடிக் காட்ட மாட்டேங்கறா.”

மருமகள் தலை நிமிராமல் உறை தைத்துக்கொண்டிருப்பாள்.