ஆள்மாத்து

ஐப்பசி முழுக்க மழை. குடமுருட்டி ஆறு கலங்கிய தேநீர் நிறத்தில், கரைக்கு ஒரு முழம் கீழே, சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளைக்கு ஆறேழு முறை குடையோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்தால் ஆறு இறங்கிவிடுமா என்று மனைவி கேட்பாள். இறங்காது. ஆனாலும் வீட்டுக்குள் உட்கார்ந்தால் என் கால்கள் இரண்டும் யாருடையவோ போலத் துடிக்கும். நாற்பத்தெட்டு வயதாகியும் ஒரு நாற்காலியில் முழுசாக உட்காரத் தெரியாதவன் நான்.

எங்கள் வீடு திருக்காட்டுப்பள்ளியிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம். பின்பக்கம் இரண்டு அறைகள் கட்டி, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு விட்டிருந்தோம். தஞ்சாவூரில் கோயில் பார்த்து முடித்தவர்கள் வயல் பார்க்க இங்கே வருவார்கள். நாற்றின் பச்சையைப் படம் எடுப்பார்கள், வரப்பில் வழுக்கி விழுவார்கள், விழுந்ததற்குச் சந்தோஷப்படுவார்கள். கொரோனா வந்து விமானங்கள் நின்ற பிறகு அந்த அறைகளில் உர மூட்டையும் விதைநெல்லும் குடியேறின. வெள்ளை விரிப்பு போட்ட கட்டிலில் எலி குட்டி போட்டது.

பிறகு ஒரு காலையில் டிவி சொன்னது: இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டுக்கொண்ட வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் இனி நாட்டுக்குள் வரலாம்.

மனைவி தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றாள். "ரூமைக் கழுவணும்" என்றாள். தோசை கருகியது.

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் 'இரண்டு தவணை' என்று டிவி சொன்னபோதே நான் குடையைத் தேடினேன். காரணம் என் கைப்பேசிக்குள் இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடன்பிறந்தவர் இல்லை. அடுத்த தெருவில் இருப்பவர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். விருந்தாளிகள் வரும் மாதங்களில் எங்கள் வீட்டில் சமைப்பார். மற்ற மாதங்களில் அவர் ஒரு நடவுக் கூட்டத்துக்குத் தலைவி. பதினான்கு பெண்கள். அவரிடம் சொல்லிவிட்டால் பதினான்கு பேர் வந்து நிற்பார்கள், ஒரு தலை குறையாது. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் வீட்டிலிருந்து மகளோ மருமகளோ நாத்தனாரோ வந்து அவள் இடத்தில் இறங்கி நடுவார்கள். இதற்கு ஆள்மாத்து என்று பெயர். யாருக்குப் பதில் யார் என்று வயல்காரர் கேட்பதில்லை. வரப்பில் நின்று தலையை எண்ணுவார், சரியாக இருந்தால் டீக்குச் சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் எண்ணுவேன்.

அக்காவுக்கு மூச்சிழுப்பு உண்டு. மார்கழிப் பனியில் அவர் மூச்சு விடுவது நாலு வீடு தள்ளிக் கேட்கும். தடுப்பூசியை முதல் ஆளாகப் போட்டுக்கொள்ள வேண்டியவர் அவர்தான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் முகாம் போட்ட அன்று எங்கள் வயலில் குறுவை நடவு. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை மறுநாள் காலையோடு முடிகிறது. நாற்றுப் பறித்து முடிகட்டி வயலில் வீசியாயிற்று.

"ஊசி போட்டா ரெண்டு நாளு கைய தூக்க முடியாதாம் தம்பி," என்றார் அக்கா, முழங்கால் சேற்றில் நின்றபடி. "நான் ஏறிட்டேன்னா இவளுங்க பாதிப் பேரு ஏறிடுவாளுங்க. உங்க தண்ணி என்னாவறது?"

"அப்ப ஊசி?"

"என் நாத்தனா வீட்டுல சும்மாதானே இருக்கா. அவ ஆதாரு அட்டை போன புயல்ல போச்சு. அட்டை இல்லாம ஊசி இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். என் அட்டையக் குடுத்து அனுப்பிருக்கேன். ஆள்மாத்து."

பெண்கள் சிரித்தார்கள். வரப்பில் நின்று நானும் சிரித்தேன். முகக்கவசம் போட்டால் எல்லோருக்கும் ஒரே முகம். ஆதார் படத்தில் யாரும் அவரவர் மாதிரி இருப்பதும் இல்லை. பதிவுக்குக் கொடுத்த எண் என்னுடையது, கூட்டத்தில் வேறு இரண்டு பேருக்கும் அதே எண்தான். மாலையில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்து, அக்காவின் பெயரைச் சொல்லி, தடுப்பூசி வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது என்றது. நடவும் இருட்டுவதற்குள் முடிந்திருந்தது.

எண்பத்து நாலு நாள் கழித்து இரண்டாவது தவணை. அது சம்பா நடவில் வந்து விழுந்தது. அதுவும் எங்கள் வயல்தான்.

"மொத ஊசி போட்டவளே ரெண்டாவதுக்கும் போவட்டும்," என்றார் அக்கா. "பாதி மருந்து அவ ஒடம்புல, பாதி மருந்து என் ஒடம்புலன்னா அது எப்புடி வேலை செய்யும்?"

நாத்தனார் நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனார். மறுநாள் காய்ச்சலோடு வாய்க்கால் மேட்டில் வந்து நின்று, "ஊசியும் காய்ச்சலும் எனக்கு, பேரு மட்டும் இந்த மகராசிக்கு" என்று அக்காவை வைதுவிட்டுப் போனார்.

ஆக, ஒருவர் உடம்பில் மருந்து இருந்தது. இன்னொருவர் பெயரில் சான்றிதழ் இருந்தது. இரண்டுக்கும் நடுவே என் வயலும் என் கைப்பேசியும் இருந்தன.

டிவியில் செய்தி வந்த மூன்றாம் நாள் பெல்ஜியத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கொரோனாவுக்கு முன்பு கார்த்திகை தவறாமல் வந்து எங்களிடம் தங்கி, பாதிப் பொழுதை அக்காவின் அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்து கழித்தவர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஒருவர் பூண்டு உரிப்பார், மற்றவர் ஏதோ சொல்வார், இருவரும் சிரிப்பார்கள்.

எழுதியிருந்தார்: எனக்கு இரண்டு தவணையும் ஆயிற்று. ஒரு மாதத்துக்கு விசா கிடைக்கும் என்கிறார்கள். வயது அறுபத்தொன்பது, அதனால் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். வீட்டில் எல்லோரும் போட்டுக்கொண்டீர்களா? அக்காவும்?

மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். ஆள்மாத்து போன கதை அவளுக்கும் தெரியும்.

"என்ன எழுதப் போறீங்க?"

"உண்மைய எழுதினா அக்காவ இந்தத் தடவ அடுப்படிக்குள்ள விட முடியாது. அவங்களுக்கு இருக்கறது இந்த ஒரு வேலதான், மழை விடற வரைக்கும்."

"எழுதலன்னா விடலாமா?"

நான் குடையை எடுத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்து, எங்கள் சான்றிதழ்கள் இரண்டோடு அக்காவுடையதையும் சேர்த்து அனுப்பினேன். மூன்று பேர், மூன்று காகிதம்.

அன்று மாலையே அக்காவிடம் போய், "அவங்க வர்றதுக்குள்ள நீங்க நெசமாவே ஒரு ஊசியாவது போட்டுக்கணும்" என்றேன்.

"எம்பேர்லதான் முடிஞ்சிபோச்சே தம்பி."

"நாத்தனார் பேர்ல போட்டுக்குங்க. அவங்களுக்குப் புது அட்டைக்கு எழுதிப் போட்டிருக்கு."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப இப்ப அவளுக்கு நான் ஆள்மாத்து" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய இருமல்தான், எனக்குத் தெரிந்த இருமல்தான். ஆனாலும் எத்தனை முறை என்று எண்ணினேன்.

சுகாதார நிலையத்துக்குப் போய் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் யார் பெயரில் யார் என்று கிளறுவார்கள், என் எண் வெளியே வரும் என்று பயந்தேன். புது அட்டை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முகாம் மழையில் நடக்கவில்லை. அடுத்த ஞாயிறும் மழை. சம்பாப் பயிர் கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்று, நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வடிகாலை ஆகாயத்தாமரை அடைத்துவிட்டது. ஊர் வானத்தைப் பார்த்தது, நான் வாசலைப் பார்த்தேன். ஏதோ வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பக்கமாக வரும் என்றுதான் தெரியவில்லை.

டிவியில் புதிதாக ஒரு வகைக் கிருமியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். "உங்க வெள்ளக்காரம்மா ஊருக்கே கொண்டாந்து குடுத்துட்டுப் போகப்போவுது, பாத்துக்குங்க" என்றார் டீ ஆற்றுகிறவர். சொல்லிவிட்டுத் தோளுக்குள் இருமினார். நான் டீயை வாங்கிக் குடித்தேன்.

பெல்ஜியத்து அம்மாள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு எனக்குத் தொண்டை கரகரத்தது. ஆற்றுக்கும் டீக்கடைக்கும் மழையில் அலைந்தால் கரகரக்காமல் என்ன செய்யும். அறைகளைக் கழுவ வந்திருந்த அக்கா மிளகு ரசம் வைத்து, டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே குந்திப் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் சரியாகிவிட்டது. அதோடு மறந்துவிட்டேன்.

தஞ்சாவூர் ரயிலடிக்குப் போய் அழைத்துவந்தேன். முகத்தில் இரண்டு கவசம். மழைச் சாரல் அடித்தும் காரின் கண்ணாடிகளை ஏற்ற விடவில்லை. சான்றிதழை அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். நான் கேட்காமலே எடுத்து நீட்டினார். வாங்கிப் படித்தேன். காகிதத்தில் இருந்த பெயரும் பக்கத்தில் இருந்த ஆளும் ஒன்று. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டு வாசலில் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வாக்கியத்தைச் சொன்னார்: "அக்கா, சாப்பிட்டியா?"

"ரெண்டு வருசம் கழிச்சி வந்து கேக்குறா பாருங்க," என்றார் அக்கா. கண் நிறைந்திருந்தது.

சாப்பாடு அறைக்கே வரும், அடுப்படிக்கு வர வேண்டாம், இப்போது அப்படித்தான் வழக்கம் என்று ஒரு பொய்யை அந்த அம்மாளிடம் சொன்னேன். ஒரு நாள் சொன்னபடி இருந்தார். இரண்டாம் நாள் மணையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கவசங்கள் தாடைக்குக் கீழே.

மூன்றாம் நாள் காலை அவர் அறையிலிருந்து இருமல் கேட்டது. ஒன்று. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று. நான் அடுப்படிக்கு ஓடினேன். அக்கா இட்லித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க இனிமே அந்த ரூம் பக்கம் போவேணாம். நான் எடுத்துட்டுப் போறேன்."

"நீங்க எதுக்குத் தம்பி?"

"ஆள்மாத்து" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தட்டை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்தார்.

அறைக்கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் தூரத்தில் நின்று ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டையை உயர்த்திக் காட்டினார். ஊரிலிருந்து கொண்டுவந்த பரிசோதனைப் பெட்டி. ஒரு கோடுதான் இருந்தது. "வெறும் சளி" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இட்லியை வைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே முற்றத்தைக் கடந்தேன். பாதியில் மறுபடி இருமல். இந்த முறை எனக்குப் பின்னாலிருந்து வரவில்லை.

அக்கா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பொகை தம்பி," என்றார். "ஈர வெறகு."

மழை காரணமாக ஒரு வாரமாகச் சமையல் கேஸ் அடுப்பில்தான் நடந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள் அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நுழைவில் தடுப்பூசி விவரம் கேட்டார்கள். நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் கைப்பேசியை நீட்டினேன். "ரெண்டும் போட்டிருக்காங்களே, பயப்படாதீங்க" என்றார் மருத்துவர், சின்னப் பெண். அக்காவின் விலா எலும்புகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, "அது அவங்க போட்டுக்கலைங்க" என்றேன்.

"பின்ன யாரு?"

"நான்தாங்க," என்றார் நாத்தனார்.

மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

கொரோனாதான், இருபத்திரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பெல்ஜியத்து அம்மாள் இன்னும் இரண்டு தடவை சோதித்துப் பார்த்தார், இரண்டிலும் ஒரு கோடு. விசா முடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். போகும்போது நான் உண்மையைச் சொன்னேன். அவர் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு எழுதவில்லை.

யாரிடமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஊருக்கு வெள்ளைக்காரம்மா போதுமாக இருந்தது. ஒரு பிற்பகல் துணி மடித்துக்கொண்டே மனைவி தலைநிமிராமல் சொன்னாள்: "உங்களுக்குத்தானே மொதல்ல தொண்ட கட்டுச்சு."

அன்று நான் ஆற்றைப் பார்க்கப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஆனியில் தண்ணீர் வந்தது. குறுவைக்கு நாத்தனார்தான் கூட்டத்தைக் கூட்டி வந்தார். எங்கள் அறைகள் இரண்டிலும் ஆட்கள் தங்கியிருந்தார்கள். அவர்களும் வந்து கேமராவோடு நின்றார்கள். அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். குனிந்தால் மூச்சு நிற்கிறது, சேற்றில் பத்தடி கூட நடக்க முடிவதில்லை.

"தலைய எண்ணிட்டீங்களா தம்பி?"

எண்ணினேன். பதினான்கு.

"சரியா இருக்குக்கா."

"அப்ப..." என்று நிறுத்தினார். மூச்சு வருவதற்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

"டீக்குச் சொல்லுங்க."