இல்லாத கிணறு

மாடி வீட்டுப் பெண் போன வாரம் ஒரு பையோடு வந்தாள். இங்கே ஓசூரில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்துகிறாள். நானும் ஒருகாலத்தில் அதையே நடத்தியவள் என்பதால் என்னை மேடம் என்பாள். "காலேஜ்லயே ரிசர்ச் கிராண்ட் குடுத்து கோவா கான்ஃபரன்சுக்கு அனுப்பினாங்க மேடம். அங்க குடுத்த பை, உங்களுக்குத்தான்" என்று நீட்டினாள். புது ரெக்சின் வாடை குப்பென்று அடித்தது. வாங்கிக்கொண்ட நான், "போய் என்னத்தக் கிழிச்சீங்க?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். பாவம், பெண்ணின் முகம் சுண்டிப் போயிற்று. அவள்மேல் எனக்கென்ன கோபம்? என் கோபம் அவளைவிட வயதில் மூத்தது. காபி போட்டுக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, ஆராய்ச்சி என்றாலே என் மூக்குக்கு இருமல் மருந்து வாடைதான் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் தூக்கிக்கொண்டு அலைந்த காக்கித் துணிப்பை முழுக்கக் காலி மருந்துப் பாட்டில்கள். சோதனைக்குத் தண்ணீர் பிடிக்க ராயக்கோட்டைக் கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கியவை. எத்தனை முறை கழுவினாலும் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்னைக் காசநோய்க்காரி என்று நினைத்து எழுந்து போவார்கள். சீட்டு முழுக்க எனக்கே கிடைக்கும். அதற்காகவே நான் நடுநடுவே இருமியதும் உண்டு.

அப்போது ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லா. நான் ராயக்கோட்டைப் பெண். சேலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. ஆசிரியர்கள் ஆராய்ச்சி செய்யவும் மாநாடுகளுக்குப் போகவும் அந்தக் கல்லூரி வருஷா வருஷம் தன் பெட்டியிலிருந்தே கொஞ்சம் ஒதுக்கும். ஒதுக்கும் என்று பேர். ஒரு வருஷம் அதில் பிரின்சிபால் அறைக்குக் கண்ணாடி பீரோ வந்தது. அடுத்த வருஷம் சரித்திரப் பேராசிரியர் குடும்பத்தோடு காசிக்குப் போய் ஆராய்ந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வருஷம் நான் கேட்டேன். ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் பல் பழுப்பேறிக் குழி விழுகிறது, தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்றேன். பணம் ஒதுக்குகிற குழு என்ன நினைத்ததோ, சரி என்றது. கண்ணாடிக் குழாய், கொஞ்சம் சாயம், பஸ் சார்ஜ், அவ்வளவுதான். எனக்கோ தலைகால் புரியவில்லை.

சேரியில் என்னை முதலில் நம்பியவள் முனியம்மா. ஊர் மணியக்காரர் தோட்டத்தில் கூலிக்குக் களையெடுப்பவள். என்னைவிடப் பெரியவள் என்று ஒருநாள் அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன், பதறிப் போனாள். "ஐயோ டீச்சரம்மா, அப்பிடிக் கூப்புடாதீங்க. மணியக்காரரு காதுல வுழுந்தா என்னத் தொலச்சுடுவாரு." அவளுடைய மூத்த பெண்ணைப் பார்க்க வந்தவர்கள், அவள் வாயைத் திறந்ததும் எழுந்து போயிருந்தார்கள். அந்தச் சேரியில் சிரிக்கிற பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்கள். நான் முதலில் அதை வெட்கம் என்று நினைத்தேன்.

முனியம்மாவின் கடைக்குட்டி சின்னிக்கு அப்போதுதான் மூன்று வயது. அரிசி கோத்த மாதிரி வெள்ளைப் பற்கள். பால் பல்லில் அதிகம் தெரியாது, அது விழுந்து முளைப்பதுதான் பழுப்பாக முளைக்கும். சேரியில் இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முனியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பெரியவளுக்குப் போனது போவுது. இவளுக்குப் பல்லு வுழறதுக்குள்ள நல்ல தண்ணி கெடைக்குமா டீச்சரம்மா?" கிடைக்கும் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

சோதனையில் பெரிய சூட்சுமம் இல்லை. சிவப்புச் சாயம் கலந்த குழாயில் தண்ணீரை விட வேண்டும். பல்லைக் கெடுக்கிற ஃப்ளோரைடு அதில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குச் சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். சேரிக் கிணறு பாறையைக் குடைந்து வெட்டியது. அந்தத் தண்ணீர் பட்டதும் குழாய் மஞ்சள் பூத்தது. ஏரியோரத்தில் மணியக்காரர் தோட்டத்துக் கிணறு இருந்தது. அந்தத் தண்ணீருக்குச் சிவப்பு அசையவே இல்லை. இரண்டு கிணற்றுக்கும் நடுவில் ஒரு கேழ்வரகுக் கொல்லைதான்.

தோட்டத்துக் கிணற்றில் நான் தண்ணீர் எடுக்கப் போனபோது முனியம்மா தள்ளியே நின்றுவிட்டாள். "வாங்க முனியம்மா" என்றால், "வாண்டாம் டீச்சரம்மா. தோட்டத்துல களையெடுக்கலாம், கெணத்துக்கிட்ட போவக்கூடாது" என்கிறாள். அவள் கை பட்டு விளைந்த நெல் அவர்கள் வயிற்றுக்குள் போகலாம், அவள் குடம் மட்டும் கிணற்றுக்குள் போகக் கூடாது. என்ன மண்ணாங்கட்டி நியாயம்!

கட்டுரையை எழுதினேன். பெங்களூரில் ஒரு விஞ்ஞான மாநாட்டில் வாசிக்க அழைப்பும் வந்தது. கடைசி வரியில், சேரி மக்கள் அந்தத் தோட்டக் கிணற்றில் தண்ணீர் எடுக்க உடனே வழி செய்ய வேண்டும் என்று போட்டிருந்தேன். குழு என்னைக் கூப்பிட்டது. பிரின்சிபால் சிரித்த முகமாகவே சொன்னார்: "ஒனக்குப் பணம் குடுத்தது தண்ணிய சோதிக்கறதுக்கும்மா, ஊரத் திருத்தறதுக்கு இல்ல. கடைசி வரிய அடிச்சுடு. அப்பறம் பெங்களூரு மைசூர் ராஜ்யம், வெளி ராஜ்யத்துக்குப் போறதுன்னா தனியா அனுமதி வாங்கணும், அதையும் பாத்துக்கலாம்." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டான் என்பது இதுதான். ராயக்கோட்டைக் கத்தரிக்காய் தினமும் யாருடைய அனுமதியும் இல்லாமல் பெங்களூர் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் குழு கூட வேண்டுமாம். வரியை அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கத்தரிக்காயோடுதான் போனேன். காய்கறி லாரியில், டிரைவர் பக்கத்தில். மனுஷன் ஓசூர் வரை தமிழிலும் தெலுங்கிலும் திட்டினார், அத்திப்பள்ளி தாண்டியதும் கன்னடத்தில் திட்டினார், என்னிடம் மட்டும் "பயப்படாம ஒக்காரும்மா" என்றார். மாநாட்டில் மேடையேறும்போது என் சேலையில் கொத்தமல்லி வாடை அடித்தது. வாசித்தேன். கடைசி வரியை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். கை தட்டினார்கள். பிறகு கேள்வி நேரம். ஒரு பெரியவர், சாயம் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டார். இன்னொருவர், சோதித்தபோது அறையில் வெப்பம் எவ்வளவு என்று கேட்டார். அந்தப் பிள்ளைகள் இப்போது எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று ஒரு ஆத்மா கேட்கவில்லை. படித்த கூட்டம்! திரும்பும்போது எல்லையில் போலீஸ்காரர், மாநாட்டில் காட்ட நான் கொண்டுபோயிருந்த தண்ணீர்ப் பாட்டில்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். நம் பக்கம் மதுவிலக்குக் காலம். அன்றைக்கு என் தண்ணீரைப் பற்றி அக்கறையாக விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

முனியம்மா ஊர் எல்லையிலேயே காத்திருந்தாள். "பெங்களூருல என்னா சொன்னாங்க?"

"கை தட்டினாங்க முனியம்மா."

"கை தட்டுனா தண்ணி வருமா?"

ஆனால் பெங்களூர்ப் பேப்பர் ஒன்றில் நாலு வரி வந்துவிட்டது. அதைப் பார்த்து, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கிணற்றைப் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. சேரியில் ஒரே குதூகலம். நான் சேலத்துக்குப் போய்விட்டு அடுத்த வாரம் ஓடோடி வந்தேன். ஏரியோரத்தில் கிணறு இல்லை. சர்க்கார் கிணற்றைப் பிடுங்கிச் சேரிக்குக் கொடுக்கப் போகிறது என்று பயந்து, மணியக்காரர் கல்லும் மண்ணும் கொட்டித் தூர்த்து, மேலே ஏரோட்டி, கொள்ளும் விதைத்துவிட்டார். தனக்கு வீட்டுக் கொல்லைக்குள் வேறு கிணறு வெட்ட ஆள் விட்டிருந்தார். தூர்க்க மண் சுமந்த கூலிகளில் முனியம்மாவும் ஒருத்தி.

"நீங்களுமா?" என்று கத்திவிட்டேன்.

"கூப்புட்டாங்க, போனேன். போவலன்னா அடுப்பெரியுமா?" என்றாள். அழவில்லை. "எங்களுக்கு ஒரு கொடம் ஊத்தறதுக்கு மனசில்லாம அத்தனத் தண்ணியையும் மண்ணுக்கு ஊத்திட்டாங்க பாருங்க டீச்சரம்மா."

இன்ஸ்பெக்டர் வந்தார், கொள்ளுச் செடியைப் பார்த்தார், அப்படியொரு கிணறு இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். அது கல்லூரிக்கும் எட்டியது. பிரின்சிபால் அதே சிரித்த முகத்தோடு கேட்டார்: "இல்லாத கெணத்துல எப்பிடிம்மா தண்ணி எடுத்த?" ஆராய்ச்சி பொய் என்று குழு தீர்மானித்து உதவியை நிறுத்தியது. "வாங்க சார், தோண்டிக் காட்டறேன்" என்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷ மிச்சத்தில் சரித்திரப் பேராசிரியர் ராமேஸ்வரம் போனார். நல்லாயிருக்கட்டும்.

இன்றைக்கு அங்கே ஏரியும் இல்லை, கொல்லையும் இல்லை, சேரியும் இல்லை. மோட்டார் உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றின் மதில் சுவர் ஓடுகிறது. பழைய கதையை விடுங்கள் மேடம் என்கிறாள் மாடி வீட்டுப் பெண். விட்டிருப்பேன். ஆனால் கிணற்றைத் தூர்த்து ரொம்ப வருஷம் கழித்து ஒருநாள், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். "என்னத் தெரியலயா டீச்சரம்மா? நான் சின்னி" என்றாள். அவளுக்கு என்னைப் பார்த்ததில் அத்தனை சந்தோஷம். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.