மூணு பட்டிருக்கும்

எங்கள் பக்கத்தில் மிளகாய் போட்டவன் எவனும் விளைச்சலை உள்ளபடி சொன்னதில்லை. களத்தில் செக்கச்செவேலென்று குண்டு மிளகாய் குவிந்து கிடக்கும். போகிறவர் கேட்டால், "என்னத்த, ஏதோ இருக்கு" என்போம். கண்ணு பட்டுவிடும் என்ற பயம்தான். நானும் அப்படித்தான். என் மனைவி என்னைவிட ஒரு படி மேல். எத்தனை மூட்டை என்று கூடப்பிறந்த அக்கா கேட்டால்கூடப் பாதிதான் சொல்வாள்.

இந்தக் குணம் என் துப்பாக்கிக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்று நான் கண்டேனா?

துப்பாக்கி என்றால் ஏர் ரைபிள். ஐம்பதை நெருங்குகிற சம்சாரிக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். நூறு மீட்டருக்கு அப்பால் தொங்கும் இரும்புத் தட்டை, குறுக்கே அடிக்கும் காற்றைக் கணக்குப் பண்ணி, பயறளவு ஈயக் குண்டால் தொடுகிற சந்தோஷம் சிரிக்கிறவனுக்கு எங்கே தெரியும்.

வற்றிக் கிடந்த கண்மாயில், டிராக்டர் கலப்பையின் பழைய வட்டத் தட்டைக் கரையோரம் சங்கிலியில் தொங்கவிட்டுப் பழகினேன். பட்டால் 'டிங்' என்று கேட்கும். எனக்குக் கேட்காது. இருபது வருடம் டிராக்டர் ஓட்டிய காது. துருவேறிய தட்டில் குண்டு பட்ட தடமும் ஸ்கோப்பில் தெரியாது. அதனால் என் மனைவி பக்கவாட்டில், கரைமேட்டுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்து எண்ணுவாள். ஐந்து குண்டும் முடிந்ததும் எழுந்து, தட்டைத் துணியால் துடைத்துவிட்டு வருவாள்.

"எத்தனை?"

"ரெண்டு பட்டிருக்கும்."

சில நாள் மூணு. ஒரு வருடமாக இந்த ரெண்டும் மூணும்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஸ்கோப்பைத் திட்டினேன். கச்சான் காற்றைத் திட்டினேன். ஒருநாள் டீ டம்ளரைத் தூக்கி எறிந்தேன். அதை எடுத்து வந்த என் மனைவி, "இதாவது நேராப் போயி விழுந்துச்சே" என்றாள்.

மதுரையில் நடக்கும் போட்டிக்கு எங்கள் ரைபிள் கிளப்பில் ஆள் எடுத்தார்கள். தொண்டிக்குத் தெற்கே கடலோரப் பொட்டலில் தேர்வு. ஐந்துக்கு நாலு பட்டால் மதுரை. பஸ் ஏறும்போதே அவளிடம் சொல்லிவிட்டேன்: "இன்னைக்கு நாலு படலேன்னா இதை வித்துருவேன். இனிமே கையால தொடமாட்டேன்." வீறாப்பாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் அழுகை முட்டியது.

அங்கேயும் அவரவர் கூட வந்தவர்தான் தட்டுக்குப் பக்கத்து மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்து, எத்தனை பட்டது என்று செல்போனில் சொல்ல வேண்டும். சாட்சிக்குக் கிளப்பைச் சேர்ந்த தொண்டிக்காரர் ஒருவர் கூட இருந்தார்.

காற்று பிய்த்துக்கொண்டு போனது. கானலில் தட்டே நெளிந்தது. சவுக்கு மரம் ஆடி அடங்கும் நேரமாகப் பார்த்து ஐந்தையும் விட்டேன். கிளப் செயலாளர் போனை ஸ்பீக்கரில் போட்டு என் காதருகே பிடித்தார்.

"எத்தனைம்மா?"

"ஏதோ, மூணு பட்டிருக்கும்."

போச்சு. ரைபிளை உறையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. அப்போது போனில் தொண்டிக்காரர் கத்தினார்: "என்னக்கா சொல்றீக? அஞ்சு சத்தம் கேட்டுச்சே. அதை ஏன் தொடைக்கிறீக? துணியக் கீழ போடுங்க!"

எல்லோரும் ஓடினோம். வெள்ளை பெயிண்ட் அடித்த தட்டில் ஐந்து சாம்பல் பொட்டு. ஒன்று மட்டும் ஓரத்தில் லேசாக அழிந்திருந்தது. என் மனைவி துணியைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள்.

"ஏ புள்ள, ஏன் மூணுன்னு சொன்ன?"

"இத்தனை பேரு நிக்கிறாக. அஞ்சுன்னு எப்படிங்க வாயில வரும்? எப்படியும் அவுக வந்து எண்ணிப் பாப்பாகன்னுதான் இருந்தேன். அதுக்குள்ள கை பழக்கத்துல தொடைக்கப் போயிருச்சு."

"அப்ப கண்மாயில?"

"அங்கனயும்தான் ஆடு மேய்க்கிறவுக வாராக, போறாக." தலையைக் குனிந்துகொண்டாள். "பாதி நாளு அஞ்சும் பட்டுருக்கு."

ஒரு வருடம். ஒரு வருடமாக நான் காற்றைத் திட்டியிருக்கிறேன். அவளையும் நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது. செயலாளர் மணலில் உட்கார்ந்துகொண்டு சிரித்தார். அத்தனை சந்தோஷமாக நான் எந்த அறுவடையிலும் இருந்ததில்லை.

திரும்பும்போது ராமநாதபுரம் பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் என் மடியில் இருந்த நீள உறையைப் பார்த்து என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, ஏதோ..." என்று இழுத்தேன்.

ஜன்னலோரம் இருந்த என் மனைவி திரும்பினாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி, எனக்கே கேட்கும்படி சொன்னாள்: "துப்பாக்கி. எங்க வீட்டுக்காரரு அஞ்சுக்கு அஞ்சு அடிச்சுருக்காரு. மதுரைக்குப் போறாரு."