கார் பார்க்கில் எடுத்த படம்

கொரியாவுக்கு நான் போனதில்லை. ஆனால் என் அலமாரியில் கொரியத் தெருவின் படங்கள் டப்பா டப்பாவாக இருக்கின்றன. எல்லாமே நியூசிலாந்தில், பாட்டனி டவுன்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு கடைவரிசையில் எடுத்தவை. ஆக்லாந்தில் கொரியர்கள் என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம், நார்த் ஷோரைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் பக்கமும் ஒரு மளிகை, ஒரு பேக்கரி, ஒரு கறிக்கடை, ஒரு சலூன் என்று வைத்துக்கொண்டு தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

அந்த வரிசையின் மாடியில் என் மகளுக்குச் சனிக்கிழமை காலையில் கணக்கு டியூஷன். அவள் இறங்கி வரும்வரை நான் காரில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் மனுகாவில், பழைய சாமான் விற்கிற ஆப் ஷாப் ஒன்றில், ஒரு பிலிம் கேமரா கண்ணில் பட்டது. கனமான உலோக உடம்பு. வெளிச்சம் அளக்கிற முள் செத்துப்போயிருந்தது. மற்றதெல்லாம் வேலை செய்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு சார்ஜர் எங்கப்பா?" என்றார். அன்று முழுக்க அவருக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு.

நான் ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். ஒவ்வொரு குழாயிலும் ஒட்டியிருக்கும் பெயரை மறுபடி மறுபடி சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. அவசரப்படாமல் செய்ய வேண்டிய ஒரு வேலை சனிக்கிழமையிலும் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம்தான். கண்டபடி சுட முடியாது. நின்று பார்க்க வேண்டும்.

நின்று பார்த்தால் அந்தத் தெருவில் என்னென்னவோ நடக்கிறது. முடி சுருட்டிக்கொள்ள வந்த பெண்கள் தலை நிறைய உருளைகளும் மேலே பிளாஸ்டிக் உறையுமாகச் சலூனிலிருந்து இறங்கி, அப்படியே மளிகைக்குப் போய் முள்ளங்கி பொறுக்குவார்கள். ஒருத்திக்கும் கூச்சம் கிடையாது. வெயில் காலத்தில் முகம் முழுவதையும் மறைக்கிற கறுப்பு மூடி போட்டுக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குக் கிளம்பினவர்கள் மாதிரி நடப்பார்கள். இங்கே குளிர் தொடங்குகிற மே மாதத்தில் மளிகை வாசலில் முட்டைக்கோஸ் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கும். வருஷத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடுவதற்காகக் குடும்பம் குடும்பமாக வந்து, ஒவ்வொன்றையும் தட்டி, அமுக்கி, கடைக்காரரோடு சண்டை போட்டு அள்ளிக்கொண்டு போவார்கள். ஊரில் மாவடு வாங்குகிற எங்கள் வீட்டுப் பெண்களின் அதே கோபம், அதே சந்தேகப் பார்வை.

யாரைப் படம் எடுத்தாலும் அவர்களுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்துவிடுவது என் வழக்கம். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள். பதிலுக்கு பேக்கரியிலிருந்து பயறு வைத்த பன் வரும். என்னை எல்லாரும் "போட்டோ அஜுமா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கல்யாணமாகி, நடுவயதில் இருக்கிற எந்தப் பெண்ணும் அவர்களுக்கு அஜுமாதான்.

அந்தப் பெயரை வைத்தவர் சலூன்காரம்மாவின் கணவர். எழுபதைத் தாண்டியவர். சலூன் வாசலில் ஒரு மடக்கு மேஜை போட்டு, கூட்டாளியோடு கொரியச் சதுரங்கம் ஆடுவார். காகிதக் கோப்பையில் பொட்டலக் காப்பியைக் கொட்டி, அந்தக் காலிப் பொட்டலத்தாலேயே கலக்கிக் குடிப்பார். இளவயதில் சியோலில் இதே மாதிரி கேமரா ஒன்று அவரிடமும் இருந்ததாம். வாராவாரம் என்னுடையதைக் கையில் வாங்கி, லென்ஸில் ஊதி, சேலையில் அழுக்கு பார்க்கிற மாமியார் போலப் பார்த்துவிட்டுத் தருவார். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். அவருடையதும் தட்டுத்தடுமாறும், என்னுடையதும் அப்படித்தான். அதனாலேயே நன்றாகப் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். இதயத்தில் ஆபரேஷன், சீக்கிரம் தேதி சொல்லிவிடுவார்கள் என்றார். அப்புறம், கடையில் ஒரு சாமான் கேட்கிற சாதாரணக் குரலில், "எனக்கு ஒரு படம் எடுத்துக் குடுங்க. என் சாவுக்கு வைக்கிற படம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கு என் முகம்தான் வேடிக்கையாக இருந்தது. அவர்கள் வழக்கம் அது என்று விளக்கினார். வயதானவர்கள் நல்லபடியாக இருக்கும்போதே ஒரு படம் எடுத்துச் சட்டம் போட்டு வைத்துவிடுவார்கள். அப்படி எடுத்து வைத்தால் ஆயுசு கூடும் என்றுகூடச் சொல்வார்களாம். "போன்ல என் பையன் எடுத்தது நிறைய இருக்கு. எல்லாத்துலயும் நான் எதையோ தின்னுக்கிட்டிருக்கேன். ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு நல்ல படம் வேணும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் உயிரோடு இருப்பவர் படத்தில் தவறிப்போய் ஒரு பூச்சரம் விழுந்தாலே பதறி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் போய் ஒரு மனிதரிடம், சாவுக்கு என்று சொல்லி, இப்படித் திரும்புங்கள் அப்படித் திரும்புங்கள் என்பதா? வெளிச்சம் சரியில்லை என்றேன். அடுத்த வாரம் மழை என்றேன். அதற்கடுத்த வாரம் காரை விட்டு இறங்கவே இல்லை. அவர் மேஜையிலிருந்து வழக்கம்போலக் கை அசைத்தார். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

லேப்பில் என் பக்கத்தில் வேலை செய்கிறவர் யாழ்ப்பாணத்து அக்கா. அவரிடம் புலம்பினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "இடம்பெயரேக்கை நாங்கள் வீட்டில இருந்து ஒண்டும் எடுக்கேல்லை. அப்பான்ர ஒரு படம்கூட மிஞ்சேல்லை. அந்த மனிசன் வாய் திறந்து கேக்கிறார். போய் எடுத்துக் குடுங்கோ."

எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. கொரோனாவுக்காக எல்லைகளை மூடியிருந்த காலத்தில் அவர் போனார். காரியத்தைப் போனில்தான் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அப்பா தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவிலிருந்து அவர் தலையை வெட்டி எடுத்தார்கள். தோளில் யாரோ போட்டிருந்த கையை ஸ்டூடியோக்காரன் அழித்தும், விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. தெரு முழுக்க என் அப்பா யாருடைய விரல்களையோ தோளில் சுமந்துகொண்டு சுவரில் ஒட்டப்பட்டிருந்தார். அந்தப் போஸ்டரைப் போனில் பார்த்து நான் அழுததைவிடக் கோபப்பட்டதுதான் அதிகம்.

அந்தச் சனிக்கிழமையே போனேன். நல்ல வேளை, ஆபரேஷன் திங்கட்கிழமைதான் என்றார்கள். அவர் கோட் சூட் போட்டு, டை கட்டி வந்தார். அவர் மனைவி சலூன் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்துத் தலை வாரிவிட்டார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். பதற்றத்தை மறைக்க அதட்டினேன். ஆடாதீர்கள், தாடையைத் தூக்காதீர்கள், மூச்சு விடாதீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவரும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். எடுத்து முடித்ததும் எங்கள் மூன்று பேருக்குமே வியர்த்திருந்தது.

ரோலை முடித்துத் திங்கள் காலையே கழுவக் கொடுத்துவிடலாம் என்று, வீட்டுக்கு வந்து மகளையும் துணிக்கொடியையும் படம் எடுத்தேன். எண்ணிக்கை முப்பத்தாறுக்கு வந்தது. பிலிமை நகர்த்துகிற நெம்புகோல் அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்காமல் நகர்ந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ரோல் போடும்போது பிலிமின் நுனியை உள்ளே இருக்கிற உருளையின் பிளவில் சரியாகச் செருக வேண்டும். செருகினபின் நெம்புகோலைத் தள்ளினால், இடது பக்கம் மேலே இருக்கிற குமிழ் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் பிலிம் நகரவில்லை என்று அர்த்தம். முதல் நாளே படித்த பாடம். காலையில் இருந்த பதற்றத்தில் குமிழை நான் பார்க்கவே இல்லை. வெளிச்சம் படாமல் போர்வைக்குள் வைத்துத் திறந்து தடவினேன். நுனி வெளியே வந்து கிடந்தது. ஒரு படம்கூட விழவில்லை.

"போன்லயும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கலாம்ல?" என்றார் என் கணவர். அவர் சொன்னது சரி என்பதால் அவரோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன்.

மறுநாள் ஞாயிறு. அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். புது ரோல் போட்டு, குமிழ் சுற்றுகிறதா என்று நானும் பார்த்து, கணவரையும் பார்க்கச் சொல்லி, சர்ச் கார் பார்க்கில் போய் நின்றேன். சாப்பிட்டுவிட்டு அவர் வெளியே வந்தார். சட்டைக்கு மேல் பழைய ஸ்வெட்டர். கையில் காப்பிக் கோப்பை. திங்கட்கிழமை நெஞ்சைத் திறக்கப் போகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன்.

"சார், படம் விழல. பிலிம் சுத்தவே இல்ல. நான்தான் சரியா மாட்டல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். "நேத்து ஆடாதீங்க, மூச்சு விடாதீங்கன்னு அந்த அதட்டு அதட்டினீங்களே, அதெல்லாம் சும்மாவா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கோப்பையைக் கார் கூரைமேல் வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கேமராவைத் தூக்கி அழுத்தினேன். அப்புறம் அவரை ஒரு மரத்தடியில் நிறுத்தி, முறையாக, சிரிக்காமல் இரண்டு மூன்று எடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இளைத்துப்போய், நிறம் வெளுத்து, சில வாரம் கழித்துச் சதுரங்க மேஜைக்கு வந்துவிட்டார். சிரிக்கிற படம் ஒன்று, மரத்தடிப் படம் ஒன்று என்று இரண்டைப் பெரிதாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சிரிக்கிற படத்தை எடுத்துக்கொண்டார். அவர் மனைவிக்கு ஒப்பவில்லை. துக்கத்துக்கு வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவர் உண்டா, ஊர் என்ன சொல்லும் என்று வாசலிலேயே சண்டை. முடிவு என்ன ஆனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் இருந்த வரைக்கும் என்னைப் பார்த்ததும் முதலில் என் கேமராவின் குமிழைத்தான் பார்ப்பார்.

அடுத்த குளிர்காலம் முழுவதும் சதுரங்கம் ஆடினார். வசந்தத்தில் ஒருநாள் தூக்கத்தில் போய்விட்டார். அவர் மனைவி போனில் செய்தி அனுப்பியிருந்தார். எந்த நேரம், எந்த இடம், "கட்டாயம் வா" என்று.

சர்ச் கூடத்துக்குள் நானும் என் கணவரும் போனோம். எதிரே, வெள்ளைச் சாமந்திகளின் நடுவில், கறுப்பு ரிப்பன் கட்டிய சட்டத்துக்குள் அவர். பழைய ஸ்வெட்டர். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் போய்ப் பூ வைத்துத் தலை குனிந்தார்கள். அழுதுகொண்டே நிமிர்ந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்ததும் தங்களை அறியாமல் லேசாகச் சிரித்துவிட்டு நகர்ந்தார்கள். நானும் ஒரு பூ வைத்தேன்.

எங்கள் வழக்கப்படி சாவு வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிக்க வேண்டும். அங்கே கிளம்ப விடவில்லை. உட்காரவைத்துச் சோறும் காரமான சூப்பும் வைத்தார்கள். சாப்பிட்டேன். ஒரு சாவுக்கு நேரில் போய், நின்று, கும்பிட்டு, நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு அத்தனை வருஷம் கொடுத்து வைக்கவில்லை. அன்று அந்த மனிதர்கள் அதை எனக்குக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது தெரியாது. நான் அவர்களுக்கு என்றைக்கும் கடமைப்பட்டவள்.

சாப்பிட்டு எழுந்தபோது அவர் மனைவி வந்து என் கையைப் பிடித்தார். "எல்லாரும் கேக்கறாங்க, எதைப் பாத்து இப்படிச் சிரிக்கிறார்னு. நீயே சொல்லு" என்று என்னைப் படத்துக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தில் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். பிலிமை நான் மாட்டத் தெரியாமல் மாட்டியதையும், அவரைக் கோட் போட்டு நிற்கவைத்து அதட்டியதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மகன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகக் கொரிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. கதை கார் பார்க்குக்கு வந்தபோது மகனுக்குக் குரல் நின்றுவிட்டது. மீதியை அவர் அம்மா சொல்லி முடித்தார்.